இரண்டு முறை சொல்லப்பட்ட கதை

ஐயா, வணக்கம்.

ஹிட்ச்காக்கின் 'போன் வொயாஜ்' (1944) பார்த்தேன். 26 நிமிடப் படம். அதிலும் முதலில் காட்டிய கதையையே திரும்பக் காட்டுகிறார். ஜெர்மானியரை எதிர்த்த பிரெஞ்சுத் தலைமறைவுப் போராளிகளுக்காக எடுத்ததாம். எனக்கு அவர்கள் ஏமாளிகளாகத்தான் தெரிந்தார்கள். நடிகர்களின் பெயர்கூட டைட்டிலில் இல்லை. அவ்வளவு அவசரமா?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

அவசரம் இல்லை, பயம். நடித்தவர்கள் லண்டனுக்குத் தப்பி வந்திருந்த பிரெஞ்சுக்காரர்கள். அவர்களுடைய சொந்தபந்தங்கள் அங்கே ஜெர்மானியர் பிடியில். அதனால் 'மோலியேர் பிளேயர்ஸ்' என்ற குழுப்பெயரோடு நிறுத்திக்கொண்டார்கள். விமானப்படை வீரராக வரும் ஜான் பிளைத்துக்கு மட்டும் பெயர் உண்டு. அவர் இங்கிலாந்துக்காரர், அவருக்கென்ன!

திரும்பச் சொல்வதுதான் எனக்கு இந்தப் படத்தில் பிடித்ததே. சிறையிலிருந்து தப்பி லண்டன் வந்துசேர்ந்த வீரர், கூடவே தப்பிய போலந்து நண்பரைப் பற்றி விசாரணை அதிகாரியிடம் நன்றியோடு சொல்கிறார். அப்புறம் அதிகாரி அதே பயணத்தைச் சொல்கிறார். அந்த நண்பர் கெஸ்டபோ, அதாவது ஜெர்மன் ரகசியப் போலீஸின் ஆள். வீரருக்கு அடைக்கலம் கொடுத்த ஒவ்வொருவரையும் அடையாளம் காண்பதற்காகவே கூட வந்தவர். ழான் என்ற பெண் சுடப்பட்டுச் சாவதை இந்த இரண்டாம் முறையில்தான் பார்க்கிறோம். நம் வீரர் அப்போது விமானத்தில் பத்திரமாகப் போய்க்கொண்டிருந்தார். அவர் துரோகி இல்லை, கோழையும் இல்லை. வெறுமனே வெள்ளந்தி. அதற்கு ஓர் உயிர் விலை.

ஏமாளிகள் என்கிறீர்கள். பெல்ஜியத்திலிருந்து பிரான்ஸ் வழியாக ஸ்பெயினுக்கு ஆட்களை ரகசியமாகத் தப்பவைத்த 'காமெட்' வலையமைப்பை நினைத்துப் பாருங்கள். 1942 நவம்பரில் பிரஸ்ஸல்ஸில் ஒரு குடும்பத்தாரின் வீட்டுக்கு அடைக்கலம் கேட்டு இரண்டு அமெரிக்க விமானிகள் வந்தார்கள். இருவருமே ஜெர்மானியர்கள். அந்தக் குடும்பமும் இன்னும் பலரும் கைதானார்கள். கதவைத் தட்டுகிறவனை நம்பாவிட்டால் ஒருவரையும் காப்பாற்ற முடியாது, நம்பினால் இப்படி. சந்தேகம் மறுபக்கமும் இருந்தது. அந்த வலையமைப்பைத் தொடங்கிய ஆந்த்ரே டி யாங் 1941 ஆகஸ்டில், 24 வயதில், பிரனீஸ் மலையைத் தாண்டி ஸ்பெயினின் பில்பாவ் நகரில் பிரிட்டிஷ் துணைத் தூதரகத்தில் போய் நின்றபோது, இவள் ஜெர்மானியர் அனுப்பிய ஆளோ என்று பிரிட்டிஷார் யோசித்தார்கள். 1943 ஜனவரியில் பிடிபட்டபோது, தலைவியே நான்தான் என்று அவரே ஒப்புக்கொண்டார். கெஸ்டபோ அதை நம்பவில்லை!

அதனால் பிரச்சாரப் படம்தான் என்றாலும் இதை நேர்மையான படம் என்பேன். வாரம் 10 பவுண்ட் சம்பளத்துக்கு ஹாலிவுட்டிலிருந்து வந்து பிரிட்டிஷ் தகவல் அமைச்சகத்துக்காக எடுத்தவர், வீரவசனம் எழுதிக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். அவர் காட்டியது, கூட வருகிறவனைக் கவனி என்பதை. ஆனால் அந்த அதிகாரி நிறையப் பேசுகிறார், அதை ஒப்புக்கொள்கிறேன். பாதியை நாமே கண்டுபிடித்திருப்போம்.

அதே ஆண்டு அதே குழுவோடு அவர் எடுத்த 'அவாந்த்யூர் மல்காஷ்' மடகாஸ்கரில் நடப்பது. சுமார்தான். ஆனாலும் அதில் வரும் விஷி அரசின் (ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரெஞ்சு அரசு) போலீஸ் அதிகாரிக்காகப் பாருங்கள். பிரிட்டிஷ் படை வருகிறது என்றதும் சுவரிலிருந்து அந்த அரசின் தலைவர் பெத்தேன் படத்தைக் கழற்றிவிட்டு விக்டோரியா மகாராணியை மாட்டுகிறார்.