ஆர்வத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொருந்தும் தன்னார்வப் பணியைத் தேடுவது எப்படி?

"ஏதாவது தொண்டு செய்ய ஆசை, ஆனால் எனக்குப் பிடித்ததாகவும் பின்னால் வேலைக்கு உதவுவதாகவும் இருக்க வேண்டும்" என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்போ வேலையோ போக, வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம்தான் மிஞ்சும் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

எந்தத் துறை பிடிக்கும் என்பதை விட, எந்த வேலையை அலுக்காமல் செய்வீர்கள் என்று முதலில் பாருங்கள். விலங்குகள் மீது பிரியம் என்று காப்பகத்துக்குப் போனால், நேரத்தில் பெரும்பகுதி கூண்டு கழுவுவதிலும் துணி துவைப்பதிலும்தான் போகும். அது ஒத்துவந்தால் தாராளமாகப் போங்கள். ஒத்துவராது என்றால், அதே காப்பகத்தில் தத்துக்கொடுக்க வேண்டிய விலங்குகளைப் படம் எடுக்கவும் நன்கொடைக் கணக்கு எழுதவும் ஆள் தேவைப்படும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

வேலைக்கு உதவ வேண்டுமென்றால், செய்தது வெளியே தெரிகிற இடமாகப் பாருங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நல்ல உதாரணம். 2004இல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய உலக வரைபடம். உங்கள் ஒவ்வொரு திருத்தமும் உங்கள் பெயரில் பதிவாகிவிடும். பேரிடர்ப் பகுதிகளுக்கான பணிகளில், வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தருவார்கள். ஒரு கட்டத்தை எடுத்து, செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் கட்டடங்களை வரைய வேண்டும். பிறகு இன்னொருவர் சரிபார்ப்பார். புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்: படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் கூரை, அடித்தளத்திலிருந்து விலகித் தெரியும். கூரையின் உருவத்தை வரைந்து, அப்படியே நகர்த்தி அடித்தளத்தின் மேல் வைக்க வேண்டும். உலாவியிலேயே இயங்கும் ஐடி (iD) என்ற வரைபடத் திருத்தியில், வரைந்த கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து க்யூ (Q) விசையைத் தட்டினால் மூலைகள் செங்கோணமாகிவிடும். படிப்பதில் விருப்பம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டட் ப்ரூஃப்ரீடர்ஸ் என்ற இணையதளத்தில், மின்னூலாக்கப்படும் பழைய நூல்களை ஒவ்வொரு பக்கமாக மெய்ப்புப் பார்க்கலாம். பத்து நிமிடம் கிடைத்தாலும் ஒரு பக்கம் முடியும்.

நேரில் போகும் பணி என்றால் மூன்றே வரியில் மெயில் அனுப்புங்கள்: என்ன தெரியும், எந்தக் கிழமை எத்தனை மணி நேரம், எந்த மாதம் வரை. "எந்த உதவியானாலும் செய்கிறேன்" என்று எழுதினால் அவர்களே யோசித்து வேலை கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அதனாலேயே பதில் வராது. ஒரு வாரம் பார்த்துவிட்டு போன் செய்யுங்கள். சேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை: முதல் நாள் என்ன வேலை, யாரிடம் கேட்டுச் செய்ய வேண்டும், பயிற்சி உண்டா, போக்குவரத்துச் செலவு யாருடையது. முதல் கேள்விக்கே தெளிவான பதில் இல்லையென்றால் நீங்கள் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு மாதம் மட்டும் ஒப்புக்கொண்டு, பிறகு நீட்டித்துக்கொள்ளுங்கள்.

சேவைக்கு இவ்வளவு கணக்கா என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் பார்க்காமல் சேர்ந்து மூன்றாம் வாரம் காணாமல் போகிறவரால்தான் அங்கே இருப்பவர்களுக்குக் கஷ்டம்.

கேள்விக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சில அமைப்புகள் தன்னார்வலர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு, பின்னணி எதுவும் விசாரிக்காமல், இரண்டு வாரத்துக்குக் குழந்தைகள் இல்லங்களில் ஆளை விடுகின்றன. ஒட்டிக்கொண்ட குழந்தை ஒவ்வொரு முறையும் பிரிவைத் தாங்க வேண்டும், பாதுகாப்பும் கிடையாது. எந்த விசாரணையும் இல்லாமல் குழந்தையுடன் உங்களைத் தனியே விடும் இடம், மற்றவர்களையும் அப்படித்தான் விடும். அங்கே சேராதீர்கள்.

சான்றிதழ் கேட்பதில் தவறில்லை. வெறும் பாராட்டுக் கடிதமாக வாங்காமல், காலம், பொறுப்பு, செய்து முடித்த வேலை மூன்றும் எழுதி வாங்குங்கள். விலகும்போது இரண்டு வாரம் முன்பே சொல்லி, சாவி, கடவுச்சொல், பாதியில் நிற்கும் வேலைகளின் பட்டியல் எல்லாவற்றையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள்.