குஸ்தார், எஸ்தார்: மயிலாடுதுறை நண்பருக்கு

'எனக்குக் காபி பிடிக்கும்', 'கல்யாணம் கும்பகோணத்துல இருக்கு'ன்னு ஸ்பானிஷ்ல சொல்ல நீங்க எழுதின 'யோ குஸ்தோ எல் கஃபே', 'லா போதா எஸ்தா என் கும்பகோணம்' ரெண்டையும் ஆசிரியர் அடிச்சது சரிதான்.

முதல் தப்பு ஆங்கிலம் வழியா யோசிச்சதால வந்தது. தமிழ்லயே யோசிங்க: 'எனக்குக் காபி பிடிக்கும்', 'மே குஸ்தா எல் கஃபே'. எனக்கு மே, உனக்கு தே, அவருக்கு லே. அச்சு அசல் நம்ம அமைப்பு! வழுக்குற இடம் பன்மை. நமக்கு ஒரு மாம்பழம்னாலும் பத்துன்னாலும் 'பிடிக்கும்'தான். ஸ்பானிஷ்ல பன்மைன்னா 'குஸ்தா', 'குஸ்தான்' ஆயிடும்: 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. ஆளைச் சொன்னா முன்னாடி 'ஆ' கட்டாயம், 'லே'யும் கூடவே நிக்கணும்: 'ஆ மி மாத்ரே லே குஸ்தா எல் கஃபே' (என் அம்மாவுக்குக் காபி பிடிக்கும்).

இதே தைரியத்துல 'எனக்குப் பசிக்குது'க்கும் 'மே' போட்டுடாதீங்க. அது 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'என்கிட்ட பசி இருக்கு'ங்கிற மாதிரி. வயசும் அப்படித்தான், 'தெங்கோ 20 ஆன்யோஸ்'.

ரெண்டாவது: ஆளோ பொருளோ ஊரோ எங்கே இருக்குன்னு சொல்ல 'எஸ்தா'. நிகழ்ச்சின்னா 'எஸ்'. அதனால மண்டபம் 'எஸ்தா என் கும்பகோணம்', கல்யாணம் 'எஸ் என் கும்பகோணம்'. சந்தேகம் வந்தா 'இருக்கு'வை எடுத்துட்டு 'நடக்குது' போட்டுப் பாருங்க, பொருந்தினா 'எஸ்'.