ஓவரால் 91, ஆனா அடிக்க மாட்டேங்குறான்: எம்எல்பி தி ஷோ ரேட்டிங் கேள்வி பதில்

வணக்கம் மக்களே. எம்எல்பி தி ஷோங்கிற பேஸ்பால் வீடியோ கேம்ல வர்ற ரேட்டிங் பத்தி நீங்க கேட்டு வச்சதுக்கெல்லாம் ஒரே மூச்சுல பதில் சொல்லிடறேன். பிளேயர் கார்டு சேர்த்து டீம் கட்டுற டயமண்ட் டைனஸ்டி மோடு ஆடுறவங்க கேள்விதான் அதிகம், அதையே முதல்ல எடுத்துக்கறேன்.

கேள்வி: அண்ணா, என்கிட்ட 91 ஓவரால் பேட்டர் இருக்கார். ஆனா 84 இருக்கிற ஆள்தான் நல்லா அடிக்கிறார். கேம்ல ஏதாவது பக் (கோளாறு) இருக்கா?

பக் எல்லாம் இல்ல தம்பி. ஓவரால்ங்கிறது பேட்டிங், ஃபீல்டிங், ஆர்ம் (எறியுற பலம்), ஸ்பீடு எல்லாத்தையும் போட்டுக் கொதிக்க வச்ச சாம்பார் மாதிரி, உள்ள பருப்பு எவ்ளோ இருக்குன்னு மேலாக்க பாத்தா தெரியாது. கார்டைத் திறந்து கான்டாக்ட் (பாலை பேட்ல சரியா படவைக்கிறது), பவர் (தூரமா அடிக்கிறது) ரெண்டையும் பாரு, ரெண்டுக்குமே ரெண்டு நம்பர் இருக்கும், பால் போடுற பிச்சர் வலது கைன்னா ஒண்ணு, இடது கை பிச்சருக்கு ஒண்ணு. நான் இதுல சூடு பட்டவன். ஒன்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், ஒரு ரன்தான் வேணும், பேட் பண்றது நம்ம நம்பிக்கை நட்சத்திரம், இடது கை பேட்டர், வலது கை பிச்சர்னா பொளந்து கட்டுவார். எதிர்ல ஆடுனவன் பொறுமையா புல்பென்ல (மாத்து பிச்சருங்க காத்திருக்கிற இடம்) இருந்து ஒரு இடது கை பிச்சரை எறக்குனான், பாலைக் குறி வச்சு நாம நகர்த்துற பிசிஐ வட்டம் கண்ணு முன்னாடியே சுருங்குச்சு, மூணே பால், வீட்டுக்குப் போன்னுட்டான். பெஞ்சுல ஒரு வலது கை பேட்டர் சும்மா உக்காந்திருந்தார், அதான் இன்னும் வலிக்குது.

கேள்வி: கான்டாக்ட் 115னு போட்டிருக்கு, 100க்கு மேல எப்படி போகும்?

டயமண்ட் டைனஸ்டில 125 வரைக்கும் போகும். ஓவரால் மட்டும் 99லயே நின்னுடும், அதனால ரெண்டு 99 கார்டை ஒண்ணுன்னு நினைச்சு வாங்கிடாதீங்க.

கேள்வி: கான்டாக்ட், விஷன், டிசிப்ளின் மூணும் ஒண்ணுதானே ப்ரோ?

இல்ல ப்ரோ, நிஜ ஆளுங்கள வச்சு பாத்தா சட்டுனு புரியும். கைல் ஷ்வார்பர் 2023ல 47 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிச்சார், ஆனா பேட்டிங் ஆவரேஜ் .197தான் (ஆயிரம் தடவைக்கு 197 ஹிட்), ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் ஆகி அவுட்) 215, வாக் (நாலு தப்பான பாலை விட்டு ஃப்ரீயா முதல் பேஸுக்குப் போறது) 126. பவர் எங்கயோ இருக்கு, கண்ட பாலுக்கு பேட்டை வீசாம வாக் வாங்குற டிசிப்ளினும் இருக்கு, பேட்ல பால் படுறதுதான் பிரச்சனை, அது விஷன். அப்படியே திருப்பிப் போட்டா லூயிஸ் அராயெஸ், கான்டாக்ட் ஆள். 2024ல .314 ஆவரேஜ், வருஷம் பூரா ஸ்ட்ரைக் அவுட் 29தான், ஹோம் ரன்னும் வெறும் 4. இப்போ உனக்கு யார் வேணும்ங்கிறது நீ ஆடுற டிஃபிகல்ட்டியைப் பொறுத்தது. ரூக்கி, வெட்டரன் மாதிரி ஈஸி லெவல்ல பிசிஐ பெருசா இருக்கும், கண்ணை மூடிட்டு பவர் ஆளை எடு. ஹால் ஆஃப் ஃபேம், லெஜண்ட் மாதிரி கஷ்டமான லெவல் போனா வட்டம் சின்னதாயிடும், அங்க கான்டாக்ட் இல்லாதவனை வச்சுக்கிட்டு காத்துலதான் வீசணும்.

கேள்வி: கிளட்ச்னு ஒண்ணு இருக்கே, அது சும்மா பேருக்கா?

சும்மா இல்ல. ரெண்டாவது, மூணாவது பேஸ்ல ஆள் நிக்கிறப்போ கான்டாக்டுக்கு பதிலா கிளட்ச் நம்பர்தான் வேலை செய்யும். நாலாவது, அஞ்சாவதா பேட் பண்றவங்களுக்கு இதை அவசியம் பாருங்க.

கேள்வி: பிச்சர் கார்டுல ஹெச்/9 அதிகமா இருந்தா நிறைய ஹிட் குடுப்பான்னு அர்த்தமா? குழப்பமா இருக்கு.

எல்லாரும் ஒரு தடவை இதுல விழுந்திருப்போம். நிஜ பேஸ்பால்ல ஹெச்/9னா ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ஹிட் குடுத்தான்னு கணக்கு, அது கம்மியா இருந்தாதான் கெத்து. கேம்ல அது ரேட்டிங், அதனால தலைகீழ், நம்பர் ஏற ஏற எதிர் பேட்டரோட பிசிஐ சுருங்கும். பிபி/9 (வாக்), ஹெச்ஆர்/9 (ஹோம் ரன்) ரெண்டும் இதே கதைதான். அப்புறம், ஈஆர்ஏவுக்குன்னு (ஃபீல்டிங் தப்பு இல்லாம ஒன்பது இன்னிங்ஸுக்கு பிச்சர் குடுக்கிற ரன் சராசரி) தனி ரேட்டிங் கிடையாது. பால் ஸ்கீன்ஸ்ங்கிற பிச்சர் 2024ல 1.96 ஈஆர்ஏ வச்சார், கார்டுல அதைத் தேடுனா கிடைக்காது, இந்த மாதிரி நம்பருக்குள்ளதான் அது ஒளிஞ்சிருக்கும்.

கேள்வி: லைவ் சீரிஸ்ல எந்த கார்டை வாங்கி வச்சா லாபம்?

லைவ் சீரிஸ்னா நிஜ சீசன்ல ஆடுறதை வச்சு ரேட்டிங் ஏறி இறங்குற கார்டு, அதுல 84ல நிக்கிறவனைப் பாருங்க. 85 ஆனா கோல்டு கார்டு டயமண்ட் கார்டா மாறிடும், விலை ஒரே தாவு. ஆனா விக்கிறப்போ மார்க்கெட் 10% பிடிச்சுக்கும், அதைக் கழிச்சுட்டு கணக்கு போடுங்க. ஒரு வாரம் சூப்பரா அடிச்சான்னு வாங்கிடாதீங்க, அந்த ஹைப்புல விலை ஏற்கனவே ஏறியிருக்கும்.

கேள்வி: கேட்சருக்கு (பேட்டர் பின்னாடி உக்காந்து பால் பிடிக்கிறவர்) பேட்டிங் மட்டும் பாத்தா போதுமா தல?

போதாது தல. எல்லி டி லா க்ரூஸ் 2024ல 67 பேஸ் திருடுனார் (பிச்சர் பால் போடுறப்பவே அடுத்த பேஸுக்கு ஓடிடறது), பேரை வேகமா சொல்லிப் பாருங்க எலின்னே வரும், பொருத்தம்தான். ஆன்லைன்ல அந்த மாதிரி ஆளை வச்சிருக்கிறவன் ஒரு தடவையாவது ஓடாம விடமாட்டான், கேட்சருக்கு ஆர்ம் இல்லன்னா வேடிக்கைதான் பாக்கணும். பிளாக்கிங்கும் பாருங்க. அது கம்மின்னா மண்ணுல குத்துற ஸ்லைடர் பால் பின்னாடி உருண்டு ஓடும், மூணாவது பேஸ்ல இருக்கிறவன் நடந்தே வந்து ரன் எடுத்துட்டுப் போவான். நேத்து ராத்திரி எனக்கு அப்படித்தான் ஒரு மேட்ச் போச்சு, அந்த கேட்சரை காலையிலயே வித்துட்டேன்.