ஊர்ப் பட்டமும் பெங்களூரு மாடியும்: காய்கறித் தோட்டக் கேள்வி-பதில்

பெங்களூரில் வீட்டுத் தோட்டம் போடும் தமிழர்களிடமிருந்து வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வருத்தத்தில்தான் தொடங்குகின்றன: "ஊரில் அம்மா செய்தபடியேதான் செய்தேன், இங்கே காய்க்கவில்லை." அம்மா செய்தது சரிதான். ஆனால் இது கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். வெயிலும் காற்றும் மழையும் இங்கே வேறு கணக்கில் வருகின்றன. பல ஆண்டுகளாக இந்த ஊர் மாடியில் காய்கறி வளர்த்ததில் நான் முதலில் கற்றுக்கொண்டது அதுதான். இம்முறை வந்த கேள்விகளைப் பார்ப்போம்.

ஆடிப் பெருக்கன்று புடலையும் பாகலும் விதைத்தேன். முளைத்து ஓரடி வளர்ந்தன, பிறகு அப்படியே நின்றுவிட்டன. இலைகளில் வெள்ளைப் பொடி வேறு படிகிறது. உரம் போதவில்லையா? (ஒயிட்ஃபீல்டு)

உரத்தில் குறை இல்லை, பருவத்தில்தான் குறை. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது தமிழகத்துச் சமவெளிக்குச் சொன்னது. அங்கே ஆடியில் கோடையின் கடுமை தணியத் தொடங்கினாலும் வெயில் தாராளமாக இருக்கும், மழையும் அடுத்து வரும். விதைக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. பெங்களூரில் ஜூலையும் ஆகஸ்டும் மேகமூட்டம், விட்டுவிட்டுத் தூறல், மேற்கிலிருந்து ஓயாத காற்று. பகல் வெப்பம் 27, 28 டிகிரியோடு நின்றுவிடுகிறது. புடலை, பாகல், பீர்க்கன் எல்லாம் வெயிலை விரும்பும் கொடிகள். வெளிச்சம் குறைந்தால் வளர்ச்சி மந்தமாகும். ஈரக்காற்றும் நிழலும் சேர்ந்தால் சாம்பல் நோய் வரும். நீங்கள் சொல்லும் வெள்ளைப் பொடி அதுதான்.

அந்தக் கொடிகளை இங்கே ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ விதையுங்கள். பனிக்காலக் குளிர் விலகும்போது முளைக்கும், மார்ச் வெயிலில் பந்தல் ஏறும், ஏப்ரல், மே மாதக் கோடை மழைக்குக் காய்த்துக் குலுங்கும். வெண்டையும் இதே கூட்டம்தான்.

அப்படியானால் ஆடியில் சும்மா இருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். பீன்ஸ், முள்ளங்கி, கீரை எல்லாம் அந்தத் தூறலில் நன்றாகவே வரும். செப்டம்பர், அக்டோபரில் கேரட், பீட்ரூட், நூல்கோல், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் ஆகியவற்றைத் தொடங்கலாம். சென்னை மாடியில் பாடுபட்டாலும் எளிதில் வராத காய்கள் இவை. இந்த ஊர் நமக்குக் கொடுக்கும் வரம் இது. புடலைக்காக ஏங்கிக்கொண்டு இதைக் கைவிட்டுவிடாதீர்கள்.

மார்ச் மாதம் நட்ட மொச்சைக் கொடி மாடி முழுவதும் பரவிவிட்டது. நான்கு மாதம் ஆகியும் ஒரு பூ இல்லை. பிடுங்கிவிடலாமா? (ஸ்ரீராமபுரம்)

பிடுங்காதீர்கள். நாட்டு மொச்சை பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கும். பெங்களூரில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான், ஆனால் மொச்சைக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மார்ச்சில் நட்டாலும் ஜூலையில் நட்டாலும் பூப்பதென்னவோ மழைக்காலம் முடிகிற சமயத்தில்தான். இந்த ஊர்ச் சந்தைகளில் டிசம்பர், ஜனவரியில் மொச்சை மலைபோல் குவிவது அதனால்தான். இப்போதைக்குக் கொடியைப் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள், புதுக் கிளைகள் வரும். தழைச்சத்து உரம் எதுவும் வேண்டாம். அடுத்த முறை ஜூலையில் விதைத்தால் நான்கு மாத இடமும் தண்ணீரும் மிச்சம்.

எல்லாப் பருவத்திலும் காய்க்க வேண்டுமென்றால், இங்குள்ள வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஹெப்பால் அவரை 3, 4 ஆகிய மொச்சை ரகங்களைக் (மொச்சையைக் கன்னடத்தில் அவரை என்பார்கள்) கேட்டு வாங்குங்கள். இவை பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்துச்செடிகள். வாசனை நாட்டு மொச்சை அளவுக்கு இருக்காது என்பது என் நாக்கு சொல்லும் தீர்ப்பு.

தெற்குப் பார்த்த பால்கனி. டிசம்பரில் நட்ட தக்காளி அருமையாகக் காய்த்தது. மே மாதம் நட்டது வெறும் தண்டாக நீள்கிறது. மண் அதே மண். (எலெக்ட்ரானிக் சிட்டி)

மண்ணை விட்டுவிட்டுச் சூரியனைப் பாருங்கள். பெங்களூரு ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் உங்கள் பால்கனிக்குள் வெயில் ஆழமாக நுழைகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த நான்கு மாதமும் மேல்தளத்துப் பால்கனி உங்கள் செடிகளுக்குக் கூரை போட்டுவிடுகிறது.

ஆகவே உங்களுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை தக்காளி, மிளகாய், கத்திரி. மற்ற மாதங்களில் புதினா, வெந்தயக்கீரை, பசலை, பாலக். மூன்று, நான்கு மணி நேர வெயில் கிடைத்தாலே கீரை வரும். காய்க்கும் செடிக்கு ஆறு மணி நேரம் வேண்டும். வடக்குப் பால்கனிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ், ஆனால் கோடையில் கிடைக்கும் வெயிலும் அவர்களுக்குக் கொஞ்சம்தான். அவர்கள் கீரையோடு நிற்பது நல்லது.

வாடகை வீடு. மொட்டை மாடியில் செங்கல் அடுக்கி ஓரடி உயரத்துக்கு மண் நிரப்பிப் பாத்தி கட்ட ஆசை. வீட்டுக்காரர் கூடாது என்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? (கே.ஆர்.புரம்)

வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. ஒரு கன அடி ஈர மண் 45 கிலோவுக்குக் குறையாது. ஓரடி ஆழப் பாத்தி, மழை நாளில், சதுர மீட்டருக்கு 500 கிலோ வரை கனக்கும். ஆட்கள் ஏறி நடமாடும் மாடிக்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 875 வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கட்டடம் உடனே விழுந்துவிடாமல் இருக்கலாம், ஆனால் தளம் தொய்வதும் விரிசல் விடுவதும் கசிவதும் இப்படித்தான் தொடங்குகின்றன. கீழே குடியிருப்பவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. இதில் சமரசமே கூடாது.

வளர்பைகளில் வையுங்கள். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. பெங்களூரு செம்மண்ணைத் தனியாக நிரப்பினால் இரண்டு மாதத்தில் இறுகிக் கல்லாகிவிடும், எனவே நார்க்கழிவைத் தவிர்க்காதீர்கள். உப்பு போக இரண்டு, மூன்று முறை தண்ணீரில் அலசிய பிறகு சேர்க்க வேண்டும். ஓரடிக்கு ஓரடி அளவுள்ள பை, நனைந்த நிலையில் 20 கிலோவை ஒட்டி இருக்கும். பைகளை நடுமாடியில் கூட்டமாக வைக்காமல் சுவர்களும் உத்தரங்களும் போகும் ஓரங்களில், கால் உள்ள தாங்கிகள் மேல் வையுங்கள். அடியில் காற்று போனால் தளத்தில் ஈரம் தங்காது. வீட்டுக்காரரிடம் இதை விளக்கிப் பாருங்கள், மனம் மாறக்கூடும்.

பூசணியில் பிஞ்சு பிடிக்கிறது, சுண்டுவிரல் அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. (ஜெயநகர்)

மகரந்தம் சேரவில்லை. பெண்பூவின் அடியில் பிஞ்சு பிறவியிலேயே இருக்கும், சேர்க்கை நடந்தால் மட்டுமே அது காயாகும். உயரமான அடுக்குமாடிகளுக்குத் தேனீ வருவது குறைவு, எனவே நீங்களே செய்ய வேண்டும். ஆண்பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நேரம். பூசணி, வெள்ளரி, பாகல் காலையில் மலர்பவை, ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். சுரையும் புடலையும் பீர்க்கனும் மாலை மங்கும்போது மலர்பவை. "காலையில் கைச்சேர்க்கை செய்தும் சுரை உதிர்கிறது" என்று எழுதுபவர்களுக்கும் இதுதான் பதில். தொடக்கத்தில் ஆண்பூக்கள் மட்டுமே வரும், அதற்குக் கவலைப்பட வேண்டாம்.

மிளகாய் இலை சுருள்கிறது. புளித்த மோர், பூண்டுக் கரைசல், சாம்பல் எல்லாம் போட்டாயிற்று. (அல்சூர்)

போடுவதற்கு முன் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடங்கிப் படகுபோல் ஆனால் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, இலை கரடுமுரடாக ஆனால் சிலந்திப்பேன் என்ற நுண்ணிய பூச்சி. இலைகள் சிறுத்து, மஞ்சளோடி, நுனியில் கொத்தாகக் குவிந்தால் வைரஸ்.

இலைப்பேனுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி, வாரம் ஒரு முறை. சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத் தூள் (wettable sulphur), லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரம் கழியாமல் கந்தகம் தெளிக்கக் கூடாது, இலை கருகிவிடும். சுட்டெரிக்கும் வெயிலிலும் கூடாது. வைரஸ் வந்த செடிக்கு மருந்து இல்லை. வெள்ளை ஈ அதிலிருந்து அடுத்த செடிக்கு நோயைக் கொண்டுபோகும் முன் வேரோடு எடுத்துவிடுங்கள். ஆசையாக வளர்த்த செடி என்று தயங்கினால் மொத்த வரிசையும் போய்விடும்.

தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அமுங்குகிறது. முட்டை ஓடு பொடித்துப் போடுகிறேன், நிற்கவில்லை. (மல்லேஸ்வரம்)

சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இருக்கும். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளிப்பாட்டுவதால் வேர் அதை ஒரே சீராக உறிஞ்ச முடிவதில்லை. முட்டை ஓடு மக்கிக் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தக் காய்ப்புக்கு உதவாது. தினமும் காலையில் அளவாக ஊற்றுங்கள், மண்ணின் மேல் காய்ந்த சருகால் இரண்டு அங்குலம் மூடாக்கு போடுங்கள். அடுத்த கொத்து சரியாக வரும்.

கறிவேப்பிலை டிசம்பரிலிருந்து துளிர்க்கவே இல்லை.

குளிர். பிப்ரவரி பிறந்ததும் கிளை நுனிகளைக் கிள்ளி, மக்கிய உரம் வைத்தால் துளிர்த்துவிடும். அதுவரை தண்ணீரைக் குறையுங்கள்.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிகிறது, இலைகள் வெளுக்கின்றன. ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வீணாகும் தண்ணீரை ஊற்றலாமா? (மகாதேவபுரா)

வேண்டாம். உங்கள் தண்ணீரிலுள்ள உப்பையெல்லாம் திரட்டி வெளியேற்றுவதுதான் அந்தக் கழிவு நீர். அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள். உப்பு நீரில் மண்ணின் காரத்தன்மை ஏறி, இரும்புச் சத்து இருந்தும் செடிக்குக் கிட்டாமல் போவதால்தான் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறுகிறது. அரிசி, காய்கறி கழுவிய நீர் நல்லது. அதைவிட நல்லது மழைநீர். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊரில் அது பெரிய சொத்து. முதல் மழையின் அழுக்கு நீரை விட்டுவிட்டு இரண்டு பீப்பாய் பிடித்து வைத்து, மாதம் ஒருமுறை தொட்டிகளுக்கு அடியில் வழியும்வரை ஊற்றினால் படிந்த உப்பு கரைந்து போகும்.

காவிரி நீர் வரும் வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 மார்ச் மாதம் தட்டுப்பாடு வந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அபராதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் தண்ணீரைச் செடிக்குக் குழாயில் பாய்ச்சுவது எனக்கு மனசாட்சிக்கு ஒவ்வாத செயல்.

கணக்குப் பார்த்தால் கடையில் வாங்குவதே மலிவு என்கிறார் கணவர். (இந்திராநகர்)

வெங்காயம், உருளைக்கிழங்கு வளர்த்தால் அவர் சொல்வது உண்மை. கீரை, கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், கறிவேப்பிலை வளர்த்தால் உண்மை இல்லை. முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும், விதைச் செலவு சொற்பம். நான்கு தொட்டிகளில் வாரம் ஒன்றாக மாற்றி மாற்றி விதையுங்கள். எந்தச் சாக்கடை நீரில் விளைந்ததோ என்ற அச்சமில்லாமல் குழந்தைக்குக் கீரை ஊட்ட முடிவதற்கு நான் விலை போடமாட்டேன்.

மக்கும் குப்பைத் தொட்டியில் பழுப்பு நிறத்தில் தட்டையான புழுக்கள். பார்க்கவே அருவருப்பு.

படைவீரன் ஈயின் புழுக்கள். தீங்கில்லாதவை, கழிவை வேகமாகத் தின்று தீர்ப்பவை. நாற்றம் அடித்தால் மட்டும் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். ஒரு பங்கு ஈரக்கழிவுக்கு இரண்டு பங்கு சருகு சேருங்கள். பிப்ரவரி, மார்ச்சில் புங்கமும் தூங்குமூஞ்சியும் தெருவெல்லாம் சருகு கொட்டும்போது இரண்டு, மூன்று சாக்கு சேர்த்து வைத்தால் ஆண்டு முழுவதும் போதும்.

அர்கா ரக்ஷக் தக்காளி நோயில்லாமல் காய்த்தது. அதிலிருந்தே விதை எடுக்கலாமா? (எலகங்கா)

எடுக்கலாம், ஆனால் தாய்ச்செடி மாதிரி வராது. ஹெசரகட்டாவிலுள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இலைச்சுருட்டு, வாடல், கருகல் மூன்றையும் தாங்கும்படி உருவாக்கிய வீரிய ஒட்டு ரகம் அது. அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். விதை சேமிக்க வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் அர்கா விகாஸ் வாங்குங்கள், அல்லது ஊரிலிருந்து நாட்டுத் தக்காளி கொண்டுவாருங்கள். நன்கு பழுத்த பழத்தின் சதையை விதையோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்கவிட்டு, அலசி, நிழலில் உலர்த்தி, மாதத்தையும் ரகத்தையும் எழுதிய காகித உறையில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.