படை எப்போது உடைகிறது?

அன்புள்ள சார்,

தள்ளுபடியில் ‘டோட்டல் வார்: ஷோகன் 2’ என்ற, பழைய ஜப்பானியக் குலங்களின் போர்களை ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கினேன். பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் நொபுநாகா மேல் இருக்கும் பிரியத்தில் அவருடைய ஓடா குலத்தை எடுத்தேன். எப்படி ஆடினாலும் சீக்கிரமே குலத்தின் சொந்த மாகாணமான ஓவாரி கைவிட்டுப் போய்விடுகிறது. காசு சேர்த்துக் கட்டானா (வாள்) சாமுராய்களைத்தான் வாங்குகிறேன், எல்லோரையும் ஒன்றாக முன்னால் அனுப்புகிறேன், ஆனால் வெறும் விவசாயி ஈட்டிக்காரர்களிடம் தோற்கிறார்கள். குதிரைப்படையும் அப்படியே அழிகிறது. எந்த யூனிட்டை (படைப்பிரிவை) வாங்கினால் ஜெயிக்கலாம்? பேசாமல் போரைக் கம்ப்யூட்டரே முடித்துவிடும் ஆட்டோ ரிசால்வ் போட்டுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

எதை வாங்குவது என்பது அப்புறம். அடுத்த போரில் எதிரி யூனிட் ஒன்றின் கொடியை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். எத்தனை பேர் மிச்சமிருக்கும்போது அது வெள்ளையாகிறது, ஆட்கள் திரும்பி ஓடுகிறார்கள் என்று கவனியுங்கள். கணிசமானவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஓடுவார்கள். கடைசி ஆள் வரை வெட்டித் தீர்க்க வேண்டிய தேவையே இங்கு இல்லை, மனவுறுதியை உடைத்தால் போதும். நீங்கள் தோற்பதற்குக் காரணமும் இதுதான்: எல்லோரையும் நேருக்கு நேராக மோதவிட்டு, யார் அதிகம் கொல்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

மனவுறுதியைச் சரிப்பவை சில உண்டு. பக்கவாட்டிலோ முதுகிலோ அடி விழுவது, பக்கத்து யூனிட் ஓடுவதைப் பார்ப்பது, தளபதி சாவது, ஓடி ஓடிக் களைத்துப்போவது. இவற்றில் இரண்டு ஒரே நேரத்தில் நடந்தால் நல்ல சாமுராய் யூனிட் கூட நிற்காது.

சரி, உங்கள் ஓடா குலத்துக்கு வருகிறேன். ஓடாவின் சிறப்பே அஷிகாரு என்ற சாதாரணக் காலாட்கள்தான். மற்ற குலங்களைவிட உங்களுக்கு அவர்கள் மலிவாகவும் கிடைப்பார்கள், தரமாகவும் இருப்பார்கள். அதை விட்டுவிட்டு, விலை கூடிய கட்டானா சாமுராய்களில் இருக்கிற காசையெல்லாம் கொட்டுகிறீர்கள். வாளுக்கு முன்னால் ஈட்டி நிற்காது என்று விதி இருக்கிறதே என்பீர்கள். விதி சரிதான், ஆனால் யாரி (ஈட்டி) அஷிகாருவிடம் யாரி சுவர் என்ற திறன் இருக்கிறது. நெருங்கி நின்று ஈட்டிகளை முன்னால் நீட்டிக்கொள்வார்கள், அதில் நேராகப் போய் விழுகிறவர்கள் சாமுராயாக இருந்தாலும் கடும் சேதம்தான். உங்களைத் தோற்கடித்த விவசாயிகள் செய்தது அதுதான், அதையே இனி நீங்கள் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: சுவர் போட்டு நிற்பவர்களால் சட்டென்று திரும்ப முடியாது, பக்கவாட்டில் அடிபட்டால் தீர்ந்தது.

தொடக்கப் படை இப்படி இருக்கட்டும். ஐந்தாறு யாரி அஷிகாரு ஒரே வரிசையாக, முடிந்தால் மேட்டு நிலத்தில். அவர்களுக்குப் பின்னால் மூன்று நான்கு வில் அஷிகாரு, அம்பு வளைந்து போகும் என்பதால் முன்னால் நிற்கும் உங்கள் ஆட்கள் மறைக்க மாட்டார்கள் (துப்பாக்கி அப்படியில்லை, நேராகத்தான் சுடும், அதை வரிசைக்கு முன்னாலோ ஓரத்திலோதான் வைக்க வேண்டும்). இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் குதிரைகள். வைத்திருக்கும் கட்டானா சாமுராய்களை முதல் வரிசையில் நிறுத்தாதீர்கள், வில்லாளிகளுக்குப் பின்னால் ஒன்றோ இரண்டோ யூனிட்டாகக் காத்திருக்கட்டும். வரிசை எங்கே கிழிகிறதோ அங்கே போவதற்கும், எதிரி முழுக்கச் சண்டையில் சிக்கிய பிறகு அவன் ஓரத்தைச் சுற்றிப் போய் அடிப்பதற்கும்தான் அவர்கள்.

குதிரைப்படையைத்தான் புதிதாக வருகிற எல்லோரும் வீணடிக்கிறார்கள். குதிரையின் பலம் பாய்ந்து மோதும் அந்தச் சில நொடிகளில்தான் இருக்கிறது. எதிரியின் முதுகில் மோதுங்கள், கொஞ்ச நேரத்தில் வெளியே இழுங்கள், தூரம் போய்த் திரும்பவும் மோதுங்கள். கூட்டத்துக்குள் நிற்கவிட்டால் ஈட்டிக்காரர்கள் வந்து முடித்துவிடுவார்கள். தயாராகக் காத்திருக்கும் வரிசையை நோக்கி முன்பக்கமாகக் குதிரைகளை அனுப்பவே கூடாது. 1575ல் நாகாஷினோவில் தகேடா கட்சுயோரியின் புகழ்பெற்ற படை மரவேலிக்குப் பின்னால் துப்பாக்கியோடு காத்திருந்த ஓடா–தொகுகாவா குலங்களின் கூட்டுப் படையை நோக்கிப் போய்த்தான் சிதைந்தது. உங்கள் குலம் ஜெயித்த போர் அது!

தளபதி விஷயத்தில் கஞ்சத்தனமாக இருங்கள். அவரை வரிசைக்கு நெருக்கமாக வைத்தால் சுற்றியிருப்பவர்களுக்குத் தைரியம், சண்டைக்குள் அனுப்பினால் ஒரே சாவில் மொத்தப் படையும் ஆடிவிடும். அதே சமயம் எதிரித் தளபதி மேல் எப்போதும் ஒரு கண் வையுங்கள், கம்ப்யூட்டர் அவரைப் பல நேரம் கண்மூடித்தனமாக உங்கள் ஈட்டிகளுக்குள்ளேயே அனுப்பிவிடும். 1560ல் ஒகெஹசாமாவில் நொபுநாகா ஜெயித்ததே இப்படித்தான். படையெடுத்து வந்த இமகாவா யோஷிமோட்டோவின் படை அவருடையதைவிடப் பல மடங்கு பெரியது, மொத்தப் படையோடும் மோதி ஜெயிக்க வழியே இல்லை. நொபுநாகா யோஷிமோட்டோ தங்கியிருந்த இடத்தையே தாக்கினார், யோஷிமோட்டோ செத்ததும் படையெடுப்பு அங்கேயே முடிந்தது.

இதெல்லாம் கைவந்த பிறகு ஷிமாசு குலத்தின் வித்தை ஒன்றைப் பழகிப் பாருங்கள், எனக்கு இந்த விளையாட்டில் இதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. நடுவில் ஒரு சிறு படையைக் காட்டி, அது பயந்து பின்வாங்குவது போல எதிரியை உள்ளே இழுத்து, இரண்டு பக்கமும் ஒளிந்திருப்பவர்கள் எழுந்து அடிப்பது. 1572ல் கிசாகிபாருவில் ஷிமாசு யோஷிஹிரோ தன் படையைவிட மிகப் பெரிய, ‘இதோ’ என்ற குலத்தின் படையை முறியடித்தபோது இந்த உத்தியைத்தான் பயன்படுத்தினார் என்பார்கள். விளையாட்டில் மரங்களுக்குள் நிற்கும் யூனிட்டுகள் எதிரி நெருங்கும் வரை மறைந்தே இருக்கும், அதனால் காடு இருக்கும் வரைபடங்களில் இது உண்மையாகவே வேலை செய்கிறது. தூண்டிலாக வில்லாளிகளை அனுப்புங்கள், கைகலப்பில் சிக்கிவிட்ட யூனிட்டைப் பின்வாங்கச் சொன்னால் முதுகில் வெட்டு வாங்கியே சாவார்கள்.

கோட்டை முற்றுகை பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு இது போதும்: தற்காக்கும்போது சுவர்களில் வில்லாளிகள், உள்ளே திறந்த இடத்தில் யாரி சுவர். ஏறி வருகிறவர்கள் களைத்துப்போய்த்தான் வந்து சேர்வார்கள்.

ஆட்டோ ரிசால்வ், எதிரியிடம் ஒரு யூனிட்டும் உங்களிடம் பத்தும் இருக்கும் சண்டைகளுக்கு மட்டும் போடுங்கள். மற்றதெல்லாம் கையால் ஆடுங்கள், பாஸ் பட்டனை அழுத்தக் கூச்சமே வேண்டாம். நிறுத்திவைத்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று நிதானமாகப் பார்த்து உத்தரவு கொடுக்கலாம், மிகக் கடினமான லெஜண்டரி நிலையில் மட்டும்தான் அதற்கு வழியில்லை. போர்க் கடினத்தை நார்மலிலேயே வைத்திருங்கள். ஓடாவோடு இன்னும் மல்லுக்கட்ட முடியவில்லை என்றால் ஷிமாசுவோ சோசோகாபேயோ எடுத்து ஒரு முறை ஆடிவிட்டு வாருங்கள், இரண்டும் வரைபடத்தின் ஓரத்தில் இருப்பதால் நாலு பக்கமும் எதிரி வரமாட்டான், போர்களைப் பழக நேரம் கிடைக்கும்.