கடல் தொட்டிக்கு எத்தனை வாட்? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கடல்நீர் தொட்டி வைத்திருக்கிறேன். ஸோவா, மஷ்ரூம், லெதர் ஆகிய மென்பவளங்களை வளர்க்க ஆசை. லிட்டருக்கு ஒரு வாட்டுக்கு மேல் வேண்டும் என்று 150 வாட் எல்.இ.டி.யைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?
(கே.கே.நகர், மதுரை)

லிட்டருக்கு இத்தனை வாட் என்பது டியூப் லைட் காலத்துக் கணக்கு. எல்.இ.டி.க்கு அது பொருந்தாது. வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம்தான். பவளத்துக்கு உதவும் வெளிச்சம் (ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளி) எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை 'பார்' (PAR) என்ற அளவில்தான் சொல்ல முடியும். மஷ்ரூமுக்கு 30 முதல் 80 பார் போதும். ஸோவாவுக்கும் லெதருக்கும் 80 முதல் 150. 200க்கு மேல் கேட்பவை கிளை கிளையாக வளரும் கடினப் பவளங்கள், உங்கள் பட்டியலில் அவை இல்லை. உங்கள் தொட்டியின் கொள்ளளவு சுமார் 125 லிட்டர். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள 90-100 வாட் விளக்கு ஒன்று போதும், அதையும் பாதி அளவில்தான் ஓட்டப் போகிறீர்கள். பாதியில் தினமும் 9 மணி நேரம் எரிந்தால் அரை யூனிட்டுக்குள் அடங்கும். இரண்டு மாத பில்லில் 27 யூனிட்.

வாங்கும்போது வாட்டை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு உண்டா? பவளத் திசுவுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் ஒற்றைச்செல் பாசி பெரும்பாலும் 400 முதல் 480 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஊதா, நீல ஒளியைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஆகவே விளக்கில் உள்ள எல்.இ.டி.களில் பாதிக்கு மேல் 440-460 நானோமீட்டர் ராயல் புளூவாக இருக்கட்டும். கொஞ்சம் ஊதா, கொஞ்சம் கூல் வெள்ளை. சிவப்பும் பச்சையும் பேருக்கு இருந்தால் போதும். பெட்டியில் 'ஃபுல் ஸ்பெக்ட்ரம்' என்று அச்சடித்திருப்பதை நம்ப வேண்டாம், நன்னீர்ச் செடி விளக்கிலும் அதே வாசகம்தான் இருக்கிறது.

தண்ணீர் மட்டத்துக்கு மேல் 25 செ.மீ. உயரத்தில் மாட்டுங்கள். தாழ்த்தி மாட்டினால் நடுவில் ஓர் இடம் மட்டும் கொளுத்தும், மூலை இருட்டாகும். ஒரே விளக்கு மாட்டிய தொட்டியில் மூலை எப்போதுமே நடுப்பகுதியைவிட மங்கல்தான். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், மஷ்ரூமுக்கு அந்த மூலைதான் சரியான இடம்.

கேள்வி: புது விளக்கு மாட்டிப் பத்து நாளாகிறது. ஸோவா மூடியே கிடக்கிறது, மஷ்ரூம் வெளிறிவிட்டது, லெதர் விரியவே இல்லை. வெளிச்சம் பற்றவில்லையோ என்று 100 சதவீதம் வைத்தேன், இன்னும் மோசமாகிவிட்டது.
(திருமங்கலம்)

வெளிச்சம் கூடிப்போனதுதான் கோளாறு. புது எல்.இ.டி. வாங்குபவர்களில் பவளத்தை வெளிச்சமில்லாமல் வாட விடுபவர்கள் குறைவு, சுட்டுவிடுபவர்களே அதிகம். நீல ஒளி நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். அந்த மங்கலை நம்பிக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒளி அளவுக்கு மீறினால் உள்ளிருக்கும் பாசி நச்சான ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்கும். பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். வெளிறல் என்பது இதுதான்.

இன்றே நீலத்தை 30 சதவீதத்துக்கும் வெள்ளையை 5 சதவீதத்துக்கும் இறக்குங்கள். மஷ்ரூமைப் பாறையின் நிழல்பக்கம் மணலில் வையுங்கள். விளக்கு மொத்தம் 8 மணி நேரம் எரியட்டும்: வெளிச்சம் படிப்படியாக ஏற ஒன்றரை மணி, உச்சத்தில் 5 மணி, இறங்க ஒன்றரை மணி. இரண்டு வாரம் இதில் கை வைக்காதீர்கள். பிறகு வாரத்துக்கு 5 சதவீதம் வீதம் நீலத்தை மட்டும் ஏற்றுங்கள். ஸோவா மூடத் தொடங்கினால் ஒரு படி இறங்கி அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 50-60க்குள் நிலைகொள்ளும். வெளிச்சம் உண்மையிலேயே குறைந்தால் அடையாளம் வேறு: ஸோவாவின் காம்பு நீண்டு மேல்நோக்கி எட்டும், மஷ்ரூம் அகன்று தட்டையாகும்.

லெதரை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். மேல்தோல் மெழுகு பூசியதுபோல் பளபளக்கிறதா? அப்படியானால் அது தோல் உரிக்கிறது, விளக்கைக் குறை சொல்ல வேண்டாம். சில நாள் முதல் இரண்டு வாரம் வரை இப்படி மூடிக் கிடக்கும். தண்ணீர் ஓட்டத்தை அதன் மேல் படும்படி திருப்பிவிட்டால் தோல் கழன்றுபோகும். கையால் உரிக்கக் கூடாது.

கேள்வி: சித்திரை வெயிலில் தொட்டி 31 டிகிரிக்குப் போகிறது. விளக்கு சூட்டாலா?
(மேலூர்)

விளக்கின் பங்கு கொஞ்சம்தான். எல்.இ.டி.யின் சூடு மேலே உள்ள ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) வழியாக அறைக்குள் போய்விடுகிறது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்புகளின் சூடு முழுக்கத் தண்ணீருக்கே. மேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

தொட்டிக்கு 25 முதல் 27 டிகிரி நல்லது. 29ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 12 வோல்ட் 4 அங்குல ஃபேன் இரண்டை, அவற்றின் காற்று நீர்மட்டத்தை உரசுவதுபோல் சாய்த்து வையுங்கள். நம் பக்கத்து வறண்ட காற்றில் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். கண்ணாடி மூடி போட்டிருந்தால் எடுத்துவிட்டு, மீன் குதிக்காமல் வலை போடுங்கள். ஆவியாவது ஒரு நாளைக்கு 2 லிட்டரைத் தாண்டலாம். அதை ஈடுகட்ட ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும், உப்புக் கரைத்த தண்ணீர் கூடாது. உப்பு ஆவியாவதில்லை, கரைத்து ஊற்றினால் செறிவு ஏறிக்கொண்டே போகும். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

பகல் 10 மணிக்கு எரியவிடும் விளக்கை மாலை 3 மணிக்கு மாற்றி வையுங்கள், உச்ச வெளிச்சம் இரவு நேரத்துக்குப் போய்விடும். சூடும் பலத்த வெளிச்சமும் சேர்ந்து வந்தால்தான் வெளிறல் வேகமாக வரும். ஆகவே கத்திரி வெயிலின்போது நீலத்தைப் பத்து சதவீதம் இறக்குங்கள். ஃபேன் போட்டும் 29க்குக் கீழே வரவில்லை என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. அந்தப் பணத்தைப் பெரிய விளக்கில் போடுவதைவிட இதில் போடுவது மேல்.

கேள்வி: செல்போன் லக்ஸ் ஆப் வைத்து 'பார்' கண்டுபிடிக்கலாமா?
(திருப்பரங்குன்றம்)

முடியாது. லக்ஸ் நம் கண்ணின் அளவு. பச்சை-மஞ்சளுக்கு நிறைய மதிப்பெண் போடும், நீலத்துக்குக் கிள்ளித்தான் கொடுக்கும். லக்ஸைப் பாராக மாற்ற வெயிலுக்குப் போடும் வகுத்தல் கணக்கை நீல விளக்கில் போட்டால் உண்மையைவிட மிகக் குறைவான பார்தான் விடையாக வரும். ஒரே விளக்கை, ஒரே நிற அமைப்பில், போன மாதத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் உதவும். சரியாக அளக்க வேண்டுமானால் அபோஜி எம்.க்யூ.-510 போல நீருக்கடியில் வைக்கும் மீட்டர் வேண்டும். விலை அதிகம், நாலைந்து பேர் சேர்ந்து வாங்கலாம்.

கேள்வி: மின்தடைக்குப் பிறகு விளக்கு நடுராத்திரியில் எரிகிறது. இன்வெர்ட்டரில் போட்டுவிடவா?
(விளாங்குடி)

விளக்குக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு பேக்கப் பேட்டரி இல்லை, அல்லது தீர்ந்துவிட்டது. சில மாடல்களில் உள்ளே சி.ஆர்.2032 பட்டன் செல் இருக்கும், மாற்றினால் சரியாகும். இல்லாவிட்டால் மின்சாரம் வந்ததும் நேரத்தைத் திருத்த வேண்டியதுதான்.

இன்வெர்ட்டரில் போட வேண்டியது தொட்டித் தண்ணீரை ஓடவைக்கும் வேவ்மேக்கரை. மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்சாரம் நின்றாலும், ஒருநாள் வெளிச்சமில்லாததால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் குறைந்து சில மணி நேரத்திலேயே மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கும்.

கேள்வி: ராமேஸ்வரம் கரையில் ஒதுங்கிய பவளக் கல்லை எடுத்து வந்து தொட்டியில் வைக்கலாமா?
(மானாமதுரை)

கூடாது. கடினப் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்த கல்லானாலும் வைத்திருப்பது குற்றம். செராமிக் அல்லது சிமென்ட்டில் செய்த செயற்கைப் பாறை கிடைக்கிறது. சிமென்ட் பாறையென்றால் தண்ணீரில் ஊறப்போட்டு, மாற்றி மாற்றி, பி.எச். ஏறுவது நின்ற பிறகு தொட்டியில் இறக்குங்கள்.

கேள்வி: ஆறு மாதத்தில் விளக்கு மங்கிவிட்டது. எல்.இ.டி. போய்விட்டதா?
(கோச்சடை)

முதலில் விளக்கை அணைத்து, அடிப்பக்கத்து லென்ஸைப் பாருங்கள். தெறித்த துளிகள் காய்ந்து வெள்ளைப் பொருக்காகப் படிந்திருக்கும். ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள், போகாத கறைக்கு வெள்ளை வினிகர். சுரண்டாதீர்கள். மேலே ஃபேனில் அடைந்த தூசியையும் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். அது அடைத்தால் விளக்கு சூடேறித் தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும், சில மாடல்கள் அணைந்தே போகும். துடைத்த அன்று பவளத்துக்குத் திடீரென வெளிச்சம் கூடும், ஆகவே 10 சதவீதம் இறக்கி வைத்து ஒரு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அப்படியே ஒயரையும் பார்த்துவிடுங்கள். பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கினால்தான் வழியும் உப்புநீர் சாக்கெட்டுக்குள் போகாமல் அங்கேயே சொட்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இல்லாத லைனில் கடல் தொட்டி வைக்காதீர்கள்.