காதில் விழுவதும் காது கொடுத்துக் கேட்பதும் ஒன்றுதானா?

இல்லை. காதுக்கு இமை கிடையாது. தூங்கும்போதும் சத்தம் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். செவிப்பறை அதிரும், சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் அந்த அதிர்வை உட்செவிக்குத் தள்ளும். அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சின்ன எலும்பு. அப்புறம் நத்தை ஓடு மாதிரி சுருண்ட காக்லியாவில் இருக்கும் மயிர்செல்கள் அதை மின்துடிப்பாக்கி நரம்பில் ஏற்றிவிடும். (இந்தச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது, இயர்போனை அலறவிடுபவர்கள் கவனிக்க.) இதுவரை நடப்பது காதில் விழுவது.

காது கொடுப்பது மூளையின் வேலை. போனைப் பார்த்தபடியே ‘ம்... ம்...’ கொட்டுகிறோம். ‘சரி, இப்ப நான் என்ன சொன்னேன்?’ என்று எதிரில் இருப்பவர் மடக்கினால், கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் ஒப்பித்துத் தப்பிக்கிறோம். கேட்ட ஒலியின் சுவடு சில விநாடிகள் தங்குவதால்தான் அந்தத் தில்லுமுல்லு பலிக்கிறது.